பேக்டெஸ்ட்டுக்கு எந்த வருடங்களை எடுப்பது?

எழுதிய ஸ்ட்ராட்டஜியைப் பழைய சந்தை விலைகளில் ஓட்டிப் பார்ப்பதுதான் பேக்டெஸ்ட். அதற்கு எத்தனை வருட டேட்டா போதும் என்று கேட்டால் ஒருவர் ஐந்து என்பார், இன்னொருவர் பத்து என்பார். வருடக் கணக்கை அப்புறம் பார்க்கலாம். அந்தக் காலத்துக்குள் சந்தை என்னென்ன விதமாக நடந்துகொண்டது, அதில் உங்கள் அல்கோ (விதிகளின்படி தானாக டிரேட் செய்யும் புரோகிராம்) எத்தனை டிரேட் எடுத்தது, இந்த இரண்டையும் முதலில் பாருங்கள். 50 பெரிய பங்குகளின் குறியீடான நிஃப்டி, வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டி இரண்டையும் வைத்தே சொல்கிறேன்.

2020 ஏப்ரலில் தொடங்கி 2024 செப்டம்பரில் முடிகிற ஒரு ரிப்போர்ட்டை யாராவது காட்டினால் உடனே உஷாராகிவிடுங்கள். 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி 7,610-ல் முடிந்தது, 2024 செப்டம்பர் கடைசியில் 26,000-ஐத் தாண்டியிருந்தது. இறங்கினால் வாங்கு என்று எழுதிய எந்த அல்கோவும் அந்த நாலரை வருடத்தில் பெரும்பாலும் லாபம்தான் காட்டும், அது ஸ்ட்ராட்டஜியின் திறமையா சந்தையின் ஏற்றமா என்று அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

தினசரி கேண்டிலில் (ஒரு நாளின் திறப்பு, உச்சம், தாழ்வு, முடிவு விலைகள்) டிரெண்டைப் பிடிக்கிற ஸ்ட்ராட்டஜி என்றால் 2007-க்கே போங்கள். 2008 ஜனவரியில் 6,300-ஐத் தாண்டிய நிஃப்டி அக்டோபர் கடைசியில் 2,524-ல் முடிந்தது, மாதக்கணக்கில் நீண்ட இறக்கம். 2020 மார்ச் அப்படியில்லை, சில வாரங்களில் விழுந்து உடனே எழத் தொடங்கியது. 2008-ல் நன்றாகச் சம்பாதித்த மூவிங் ஆவரேஜ் கிராஸ்ஓவர் (குறுகிய கால சராசரி விலை நீண்ட கால சராசரியைக் கடக்கும்போது டிரேட் எடுப்பது) 2020-ல் தாமதமாக வெளியேறி, தாமதமாகவே திரும்ப உள்ளே வந்திருக்கும். இந்த இரண்டையும் எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள், ஆனால் என்னைக் கேட்டால் அதைவிட முக்கியமானது 2010 நவம்பரிலிருந்து 2013 நவம்பர் வரையான காலம்தான். தொடக்கத்திலும் 6,300, முடிவிலும் 6,300, நடுவில் 2011 டிசம்பரில் 4,600-க்குக் கீழே ஒருமுறை போய்வந்தது. மூன்று வருடம் எங்கேயும் போகாத சந்தையில் டிரெண்ட் ஸ்ட்ராட்டஜி எவ்வளவு ரத்தம் சிந்துகிறது, அந்த டிராடவுனை (உச்சத்திலிருந்து கணக்கு கரையும் அளவை) உங்கள் பணமும் மனசும் தாங்குமா என்பதை அங்கேதான் பார்க்க முடியும். மெல்ல மெல்லத் தேய்கிற இறக்கத்துக்கு 2015 மார்ச் முதல் 2016 பிப்ரவரி வரை இருக்கிறது.

இவ்வளவு பின்னால் போகும்போது ஒரு நாளைத் தனியாக எடுத்து டிரேட் டிரேடாகச் சரிபாருங்கள்: 2009 மே 18. தேர்தல் முடிவுக்குப் பிறகான திங்கட்கிழமை, திறந்தவுடன் அப்பர் சர்க்யூட் (அளவுக்கு மீறி ஏறினால் வியாபாரத்தை நிறுத்தும் வரம்பு), மறுபடி திறந்ததும் மறுபடி சர்க்யூட், நிஃப்டி ஒரே நாளில் 17 சதவீதத்துக்கு மேல் ஏறி முடிந்தது. வெள்ளிக்கிழமையே ஷார்ட் (விலை இறங்கும் என்று முதலில் விற்பது) எடுத்து வைத்திருந்த அல்கோவுக்கு உங்கள் பேக்டெஸ்ட், நஷ்டத்தை நிறுத்த வைத்த ஸ்டாப்லாஸ் விலையிலேயே அழகாக வெளியேறியதாகக் காட்டினால், அந்தக் கணக்கு பொய். அன்று அந்த விலை சந்தையில் வரவே இல்லை.

இன்ட்ராடே (எடுத்ததை அன்றே முடிக்கும் டிரேடு) என்றால் கதை வேறு, பழைய டேட்டா அதிகம் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் உள்ளே தள்ளக் கூடாது. முதல் 15 நிமிட உச்சம் உடைந்தால் வாங்கு என்கிற ஓப்பனிங் ரேஞ்ச் பிரேக்அவுட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2009 வரை சந்தை 9:55-க்குத் திறந்தது, 2010 ஜனவரியில் 9 மணியானது, அதே வருடம் அக்டோபரில் ப்ரீ-ஓப்பன் (திறப்பு விலையை முடிவு செய்யும் முன்-அமர்வு) வந்து 9:15 ஆனது. இந்த மூன்றிலும் முதல் கேண்டில் ஒன்றல்ல, அதனால் 2010 அக்டோபருக்கு முந்தையதை இந்த ஸ்ட்ராட்டஜிக்கு விட்டுவிடலாம். 2021 பிப்ரவரி 24-ஐயும் ஒருமுறை பாருங்கள்: தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இ-யில் தொழில்நுட்பக் கோளாறால் 11:40-க்கு வியாபாரம் நின்று, 3:45-க்குத் தொடங்கி 5 மணி வரை நடந்தது. 3:15-க்கு ஸ்கொயர்-ஆஃப் (கையில் உள்ளதை முடித்துவிடு) என்று எழுதிய புரோகிராம் அன்று என்ன செய்கிறது?

ஆப்ஷன் (குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) விற்பவர்களுக்குத்தான் தேதிகள் ரொம்பவே முக்கியம். பேங்க் நிஃப்டி வாராந்திர ஆப்ஷன் 2016 மே மாதம் வந்தது, 2023 செப்டம்பரில் எக்ஸ்பைரி (ஒப்பந்தம் முடியும் நாள்) வியாழனிலிருந்து புதனுக்கு மாறியது, 2024 நவம்பரில் பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபியின் புது விதிகளால் வாராந்திர எக்ஸ்பைரியே நின்றுபோனது. அந்த எட்டரை வருட டேட்டாவில் எவ்வளவு அருமையான ஈக்விட்டி கர்வ் (கணக்கின் வளர்ச்சியைக் காட்டும் வரைகோடு) வந்தாலும் அதை வைத்து ஓட்ட இன்று கான்ட்ராக்ட் கிடையாது. நிஃப்டி வாராந்திரத்துக்கு 2019 பிப்ரவரிதான் ஆரம்பம், அதற்கும் 2025 செப்டம்பரில் எக்ஸ்பைரி செவ்வாய்க்கிழமைக்கு மாறிவிட்டது. ஆகவே புரோகிராமில் கிழமையை எழுதாமல் எக்ஸ்பைரிக்கு எத்தனை நாள் பாக்கி என்பதை எழுதுங்கள், விடுமுறை வந்து எக்ஸ்பைரி ஒரு நாள் முன்னால் போகும் வாரங்களும் அதிலேயே சரியாகிவிடும். நிஃப்டி லாட் அளவும் (ஒரு கான்ட்ராக்ட்டில் உள்ள எண்ணிக்கை) 75, 50, 25, மறுபடி 75 என்று மாறி வந்திருப்பதால் லாபத்தை ரூபாயில் கூட்டாமல் பாயிண்டில் பாருங்கள். ஆப்ஷன் விற்பனைக்கான எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி) 2023 ஏப்ரலில் 0.0625 சதவீதமானது, 2024 அக்டோபரில் 0.1 ஆனது. நீங்கள் இனிமேல்தானே டிரேட் செய்யப்போகிறீர்கள், பழைய வருடங்களுக்கும் இன்றைய செலவையே போட்டுப் பாருங்கள்.

சரி, டிரேட் எண்ணிக்கைக்கு வருவோம். 100 டிரேடில் 55 ஜெயித்தது என்றால், அதில் அதிர்ஷ்டத்தின் பங்கை மட்டும் கணக்கிட்டாலே உண்மையான வெற்றி விகிதம் சுமார் 45-லிருந்து 65 வரை எதுவாகவும் இருக்கலாம். 400 டிரேட் இருந்தால் அது 50 முதல் 60 வரை என்று குறுகும். வருடத்துக்கு நாலு டிரேட் எடுக்கிற ஸ்ட்ராட்டஜிக்கு ஐந்து வருட டேட்டா என்பது வெறும் 20 டிரேட், அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். இன்னொன்று, 200 நாள் சராசரி பயன்படுத்தினால் முதல் 200 நாட்களில் சிக்னலே வராது, டெஸ்ட் தொடங்கும் தேதிக்கு முன்பிருந்தே டேட்டாவை ஏற்றுங்கள்.

பங்குகளில் ஓட்டுபவர்கள் இன்றைய நிஃப்டி 50 பட்டியலை எடுத்து 2008-லிருந்து டெஸ்ட் செய்யவே கூடாது. சத்யம், யூனிடெக், சுஸ்லான், யெஸ் பேங்க் எல்லாம் ஒரு காலத்தில் அந்தப் பட்டியலில் இருந்து பிறகு வெளியேறியவை, இன்றைய பட்டியலை மட்டும் எடுத்தால் அவற்றின் நஷ்டம் கணக்கிலேயே வராது. அந்தந்தத் தேதியில் பட்டியல் எப்படி இருந்ததோ அப்படியே எடுக்க வேண்டும்.

தேதிகளை ரிசல்ட் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்து எழுதி வைத்துவிடுங்கள். மூன்று வருடத்தில் பாராமீட்டரை (சராசரி எத்தனை நாள், ஸ்டாப்லாஸ் எவ்வளவு போன்ற எண்களை) தேர்ந்தெடுத்து அடுத்த ஒரு வருடத்தில் ஓட்டிப் பார்ப்பது, பிறகு ஒரு வருடம் நகர்ந்து அதையே திரும்பச் செய்வது, இந்த வாக்-ஃபார்வர்ட் முறை எனக்கு நம்பகமாகப் படுகிறது. தொடக்கத் தேதியை இரண்டு மூன்று மாதம் முன்பின் தள்ளியும் பாருங்கள், ரிசல்ட் தலைகீழானால் ஏதோ ஒன்றிரண்டு டிரேடுதான் மொத்த லாபத்தையும் சுமக்கிறது. கடைசி ஒரு வருடத்தை மட்டும் தொடாமல் வைத்திருந்து, எல்லாம் முடிந்தபின் ஒரே ஒருமுறை ஓட்டுங்கள். அதில் சொதப்பியது என்று ஸ்டாப்லாஸைக் கொஞ்சம் மாற்றி மறுபடி ஓட்டினால், அந்த வருடமும் நீங்கள் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய டேட்டாவோடு சேர்ந்துவிடும். அதற்குமேல் வரப்போகும் மாதங்களில் பணம் போடாமல் பேப்பர் டிரேடாக ஓட்டித்தான் சோதிக்க முடியும்.