பாய்வதற்கு முந்தைய நொடி: அச்சுறுத்தும் கொடுவிலங்கை வரைவது எப்படி?

கொடுவிலங்கு வரையப் புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் பற்களிலிருந்தே தொடங்குகிறார்கள். வாயை அகலத் திறந்து, கொம்பும் நகமும் சேர்த்து, கண்களைச் சிவப்பாக்கி முடித்த பிறகும் அது பொம்மையாகவே நிற்கும். அடுத்து அது என்ன செய்யுமோ என்ற பதைப்பு பார்ப்பவருக்கு எழுவதில்லை. புலி பதுங்குவது பாய்வதற்கே என்பார்கள். நாம் வரைய வேண்டியது அந்தப் பதுங்கலைத்தான்.

முதலில் அசைவுக் கோட்டை மட்டும் போடுங்கள். மூக்கு நுனியிலிருந்து முதுகு வழியாக வால் வரை ஓடும் ஒரே வளைவு அது. பென்சிலை அழுத்தாமல், கையைத் தோளிலிருந்து வீசி, சிறு சிறு படங்களாகப் பல போட்டுப் பார்த்து, அவற்றுள் மிக இறுக்கமாகச் சுருண்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது எடை, பொறுமையாகச் செய்ய வேண்டிய படி இதுவே. இரையை நோக்கி ஊர்ந்து செல்லும் பூனையைக் கவனித்தால், தலை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்க, தோள்பட்டை எலும்புகள் மட்டும் மாறி மாறி முதுகுக்கு மேல் எழுந்து தாழ்வது தெரியும். அந்த எலும்புகளை உடலோடு பிணைப்பவை தசைகளே என்பதால் இது இயல்கிறது. ஆகவே உங்கள் விலங்கிலும் ஊன்றிய காலின் தோளை உயர்த்தி, அந்தப் பாதத்தின் விரல்களை அகல விரித்து, தூக்கிய காலின் தோளைத் தாழ்த்தி வரையுங்கள். தூக்கிய பாதத்தைத் தரைக்குச் சற்று மேலேயே நிறுத்திவிடுங்கள். அது எப்போது இறங்கும் என்று பார்ப்பவரின் கண் காத்திருக்கத் தொடங்கிவிடும். பின்னங்காலில் பின்னோக்கித் துருத்தி நிற்பது முழங்கால் அன்று, குதிகால் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். முழங்கால் வயிற்றை ஒட்டி முன்னோக்கியே மடியும்.

இப்போது உருவம் முழுவதையும் கறுப்பால் நிரப்பிப் பாருங்கள். கால்கள் ஒன்றோடொன்று கலந்து எது எதுவென்று தெரியாவிட்டால், நிலையை மாற்றுங்கள். நிழல் தீட்டி இதைச் சரிசெய்ய முடியாது.

முகம் கடைசியில் வரட்டும். கண்கள் இரண்டும் முன்னோக்கி ஒரே புள்ளியில் நிலைத்திருக்க வேண்டும். வாய் மூடியிருந்தாலும் குறைவில்லை. என்னைக் கேட்டால், மூடியிருப்பதே மேல்.

இதே உருவத்தை அசையவும் வைக்கலாம். திரைப்படத்தில் நொடிக்கு 24 சட்டகங்கள், அதாவது தனித்தனி நிலைப்படங்கள், ஓடுகின்றன. கையால் வரையும் அசைவூட்டத்தில் ஒரு படத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தி, நொடிக்கு 12 படங்களோடு முடித்துக்கொள்வது வழக்கம். பயமுறுத்த நினைப்பவர் இந்தப் படங்களைச் சமமாகப் பங்கிடக் கூடாது. குறிப்பேட்டின் ஓரத்தில், மூச்சுக்கு மார்பு சற்றே விம்முவதைத் தவிர வேறு மாற்றமில்லாத பதுங்கலை 15 பக்கங்களுக்கு வரையுங்கள். உடல் இன்னும் பின்னுக்கு இழுபடுவதற்கு 3 பக்கங்கள் போதும். பாய்ச்சலுக்கு 2 பக்கங்களுக்கு மேல் கொடுக்காதீர்கள். பிறகு தாள்களை விரலால் வேகமாகப் புரட்டிப் பாருங்கள். பாய்ச்சல் மெதுவாகத் தெரிந்தால், அந்த இரண்டில் ஒன்றைக் கிழித்துவிடலாம்.