லினக்ஸுக்கு ஆன்டிவைரஸ் தேடும்போது நாம் செய்யும் தப்புகள்

மார்த்தாண்டத்தில் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுக்க பென் டிரைவ் கொடுத்து வாங்கியவர்களுக்கு இது பழகிய காட்சி. வீட்டுக்கு வந்து லினக்ஸ் மின்ட் லேப்டாப்பில் செருகினால், நம் ஃபோல்டர்களின் பெயரிலேயே ஒன்றிரண்டு கேபி அளவில் ஷார்ட்கட்கள் கிடக்கும். நிஜ ஃபோல்டர்கள் எல்லாம் பெயரே இல்லாதது போல் தெரியும் இன்னொரு ஃபோல்டருக்குள் இருக்கும். விண்டோஸ் இதை மறைத்து வைக்கும். அந்த மறைப்பை லினக்ஸ் மதிப்பதில்லை, அதனால் எல்லாம் அப்படியே வெளியே தெரிகிறது.

உடனே போன் வரும். "அண்ணே, லினக்ஸுக்கு எந்த ஆன்டிவைரஸ் நல்லது?"

முதல் தப்பு அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. பென் டிரைவில் வந்தது விண்டோஸை நம்பிப் பிழைக்கும் சரக்கு. லினக்ஸில் அதற்கு வேலையே இல்லை. (வைன் போட்டு விண்டோஸ் மென்பொருள் ஓட்டுகிறவர்கள் மட்டும் அதை கிளிக் செய்து பார்க்க ஆசைப்பட வேண்டாம்.) உள்ளே இருக்கும் ஃபோல்டர்களை வெளியே எடுத்துவிட்டு மற்றதை அழித்தால் போதும்.

அடுத்தது, கூகுளில் தேடி பழைய பட்டியல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்குவது. வீட்டு லினக்ஸுக்கு சோஃபோஸ் இலவசமாகக் கொடுத்த ஆன்டிவைரஸும் சரி, ஈசெட் விற்ற நோட்32 டெஸ்க்டாப் பதிப்பும் சரி, எப்போதோ நிறுத்தப்பட்டவை. அப்டேட் நின்றுபோன ஆன்டிவைரஸ், ரூட் என்ற முழு நிர்வாகி அதிகாரத்தோடு உள்ளே உட்கார்ந்திருக்கும் இன்னொரு ஓட்டைதான்.

சரி, திறந்த மூலத்தில் கிளாம்ஏவி என்ற இலவச ஆன்டிவைரஸ் இருக்கிறதே? நல்ல கருவிதான், இப்போது சிஸ்கோ நிறுவனத்தின் டாலோஸ் பாதுகாப்புக் குழு கவனித்துக்கொள்கிறது. ஆனால் நிறுவிய கையோடு அது காவல் காக்கத் தொடங்கிவிட்டது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. நாமாகச் சொன்னால்தான் ஸ்கேன் செய்யும். ஃபைலைத் திறக்கும்போதே பிடிக்க வேண்டுமென்றால் அதற்குத் தனி அமைப்பு வேண்டும். அப்படி எந்நேரமும் ஓடவிட்டால் வைரஸ் அடையாளப் பட்டியலை ஏற்றவே 1 ஜிபிக்கு மேல் ரேம் போய்விடும், பட்டியலைப் புதுப்பிக்கும் சமயத்தில் இன்னும் கூடும். 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் அப்புறம் பிரவுசர் திறந்த மாதிரிதான்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்றை நானே செய்திருக்கிறேன். ஹோம் ஃபோல்டர் முழுவதையும் ஸ்கேன் செய்து, கண்டதை அழித்துவிடு என்ற ‘ரிமூவ்’ விருப்பத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். மெயில் படிக்கும் மென்பொருளான தண்டர்பேர்ட் வழக்கமாக இன்பாக்ஸ் முழுவதையும் ஒரே ஃபைலாகத்தான் வைத்திருக்கும். என்றைக்கோ வந்த குப்பை மெயில் ஒன்றில் வைரஸ் இணைப்பு இருந்திருக்கிறது. கிளாம்ஏவி அந்த ஒரு மெயிலைத் தூக்கவில்லை, ஃபைலையே தூக்கிவிட்டது. அதோடு ஏழெட்டு வருடக் கடிதங்களும் போயின. அதன்பிறகு ‘அறிக்கை மட்டும் கொடு’ என்பதுதான் என் வழக்கம். எதை அழிப்பது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

இவ்வளவு சொன்னதும் சிலர் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள்: "லினக்ஸுக்கு வைரஸே கிடையாதுல்லா?" இருக்கிறது, வரும் வழிதான் வேறு. ஃப்ரீ டவுன்லோடு மேனேஜர் என்ற மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்தே 2020 முதல் 2022 வரை சிலருக்கு மட்டும் லினக்ஸில் நிறுவும் திருட்டு டெபியன் தொகுப்பு ஒன்று போய்க்கொண்டிருந்தது. சேமித்த பாஸ்வேர்டுகளையும் கிரிப்டோ வாலட் ஃபைல்களையும் அது சுருட்டியது. காஸ்பர்ஸ்கை ஆய்வாளர்கள் அதை வெளியே சொன்னது 2023 செப்டம்பரில்தான். நிறுவியவர்கள் தங்கள் பாஸ்வேர்டைத் தாங்களே தட்டி அனுமதி கொடுத்திருந்தார்கள்.

ஆகவே ஆன்டிவைரஸ் தேடும் நேரத்தில் பாதியை, நிர்வாகி அதிகாரத்தோடு ஓடும் ‘சூடோ’ என்று தொடங்கும் கட்டளை வரியை யூடியூபில் பார்த்து அப்படியே ஒட்டும் பழக்கத்தை விடச் செலவழிக்கலாம். மென்பொருள் மேலாளரில் இருப்பதை அங்கிருந்தே எடுங்கள். அப்டேட் நின்றுபோன பதிப்பில் தங்காதீர்கள், உபுண்டு லினக்ஸின் 20.04 பதிப்புக்கு வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தது. வங்கி பெயரில் வரும் போலிப் பக்கத்துக்கு விண்டோஸ், லினக்ஸ் எல்லாம் ஒன்றுதான்.

சரி, கிளாம்ஏவி வேண்டவே வேண்டாமா? விண்டோஸ்காரர்களுக்கு ஃபைல் அனுப்புகிறவர்களும், ஊரெல்லாம் சுற்றும் பென் டிரைவை வாங்குகிறவர்களும் வைத்துக்கொள்ளலாம். கொடுப்பதற்கு முன் ஒரு ஸ்கேன், அவ்வளவுதான்.

கணினிக்குள் ஒளிந்திருக்கும் ரூட்கிட் வகை மென்பொருளைத் தேடும் ஆர்கேஹன்டரைப் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு மட்டும் ஒன்று. உபுண்டுவில், ‘எல்டபிள்யூபி-ரிக்வஸ்ட்’ என்ற கட்டளை ஸ்கிரிப்டாக மாற்றப்பட்டிருக்கிறது என்று அது எச்சரிக்கும். ராத்திரி 11 மணிக்கு அந்த வரியைப் படம் எடுத்து எனக்கு அனுப்பாதீர்கள். அந்தக் கட்டளை ஆதியிலிருந்தே பெர்ல் மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட்தான்.