கடிக்கும் ஈக்கு மருந்து கேட்கவில்லையா? அளவை இரட்டிப்பாக்குவதற்கு முன்

"மருந்து அடித்தும் ஈ குறையவில்லை, அளவை இரட்டிப்பாக்கலாமா?" வயலை ஒட்டி மாடு வளர்ப்பவர்கள் கால்நடை மருத்துவரான என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். கூடாது என்பதே என் பதில். லேபிளில் போட்ட அளவுக்குச் சாகக்கூடிய ஈ அந்த அளவிலேயே செத்துவிடும். எதிர்ப்புத்திறன் முற்றிய ஈ இரட்டிப்புக்கும் அசையாது. கூடுதலாகக் கிடைப்பது பாலில் ஏறும் மருந்தும், அடித்தவருக்கு வரும் தலைச்சுற்றலும் மட்டுமே.

மருந்து கேட்கவில்லை என்று சொல்லப்படும் எல்லா இடங்களிலும் எதிர்ப்புத்திறன் இருப்பதில்லை என்பது இன்னொரு காரணம். சில கொட்டில்களில் ஈயே வேறு இனமாக இருக்கும். சிலவற்றில் மருந்து ஈயிடம் போய்ச் சேர்ந்தே இருக்காது. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் கடைக்குப் போவதில் பயனில்லை.

எந்த ஈ என்று பாருங்கள்

முற்பகல் வெயிலில் மாட்டின் அருகே கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள். முழங்காலுக்குக் கீழே, தலையை மேல்நோக்கி வைத்து உட்கார்ந்திருப்பது கொட்டில் ஈ. எட்டி நின்றால் வீட்டு ஈ போலத்தான் இருக்கும். குனிந்து பார்த்தால் தலைக்கு அடியிலிருந்து கருப்பு ஊசி ஒன்று முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். அதைத் தோலில் இறக்கியதும் மாடு காலை உதறும், ஈ பறந்து அடுத்த காலில் உட்காரும். சில நிமிடங்களில் வயிறு சிவந்து உப்பியதும் மாட்டை விட்டுவிட்டுப் பக்கத்துச் சுவரிலோ வேலியிலோ போய் ஒட்டிக்கொள்ளும். ஆணும் பெண்ணும் இரத்தம் குடிக்கும்.

முதுகிலும் தோளிலும் கூட்டமாக, தலையைக் கீழ்நோக்கி வைத்து உட்காருவது கொம்பு ஈ. கொட்டில் ஈயில் பாதி அளவுதான் இருக்கும். இரவும் பகலும் மாட்டின் மேலேயே குடியிருந்து ஒரு நாளைக்கு இருபது தடவைக்கு மேல் இரத்தம் குடிக்கும். பெண் ஈ முட்டையிட மட்டும் புதுச் சாணத்துக்கு இறங்கி வரும். மாட்டின் மேல் எந்த மருந்தைப் போட்டாலும் அந்தக் கூட்டம் முழுவதும் அதைச் சந்தித்தே தீரும். எதிர்ப்புத்திறன் மிக வேகமாக வளர்ந்த கடி ஈக்களில் இது ஒன்றாக இருப்பதற்குக் காரணம் இதுதான். பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி வகையை ஏற்றி மாட்டின் காதில் மாட்டும் காது வில்லைகள் 1980 வாக்கில் அமெரிக்காவில் பரவலாயின. சில ஆண்டுகளிலேயே தென் மாநிலங்களின் கொம்பு ஈக்கள் அவற்றை மதிக்கவில்லை.

தேனீயைவிடப் பெரிதாக, கடித்த இடத்தில் இரத்தம் சொட்ட விட்டுப் போவது குதிரை ஈ. இதற்கு மருந்து கேட்கவில்லை என்றால் எதிர்ப்புத்திறனைத் தேடி அலையாதீர்கள். இதன் புழு சேற்றில் மாதக்கணக்கில், சில இனங்களில் ஓராண்டுக்கு மேலும் வாழும்; வளர்ந்த ஈ மாட்டின் மேல் இருப்பதோ கொஞ்ச நேரம்தான். தெளிப்பான் எடுத்து வெல்லக்கூடிய எதிரி இல்லை இது. பளபளக்கும் கருப்புப் பந்தைத் தொங்கவிட்டு மேலே கூம்பு வலை கட்டிய பொறியும் நிழலான கொட்டிலும் இதற்கு மருந்தைவிட உதவும்.

மருந்தின் மேல் பழி போடுவதற்கு முன்

கொட்டில் ஈ உட்காருவது காலில். மருந்து விழுவதோ பெரும்பாலும் முதுகில். காலில் பட்டதையும் ஈரப் புல்லும் சேறும் கழுவிவிடும். இதை நேரில் பார்க்கச் சுலபமான வழி, அடிக்கும் தண்ணீரில் சாயம் கலந்து ஒரு பலகையில் தெளித்துப் பார்ப்பது; தெளிப்பானின் முனை தேய்ந்திருந்தால் ஒரு பக்கம் ஊற்றும், மறுபக்கம் காய்ந்து கிடக்கும்.

அடுத்தது தண்ணீர். காரத்தன்மை மிகுந்த தண்ணீரில் கலந்து வைத்தால் ஆர்கனோபாஸ்பேட் என்ற இன்னொரு வகை மருந்துகள் சிதையத் தொடங்கும். காலையில் கலந்து மாலையில் அடிப்பது வேண்டாம். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரிலும் இதே கதைதான். வெயிலில் கிடந்த டப்பா, காலாவதியான டப்பா பற்றி நான் சொல்லவே தேவையில்லை, ஆனால் கொட்டில் பரணில் அவைதான் முதலில் கண்ணில் படுகின்றன.

மூன்றாவது, வந்து சேரும் ஈ. கொட்டில் ஈ கிலோமீட்டர் கணக்கில் பறக்கும். இன்று இருந்தவை அனைத்தும் செத்தாலும் நாளை அடுத்த பண்ணையின் எருக்குவியலிலிருந்து புதியவை வரும். எனவே "மறுநாளும் ஈ இருந்தது" என்பது எதற்கும் சான்றாகாது. அடித்த ஒரு மணி நேரத்தில் சுவரடியில் என்ன விழுந்து கிடக்கிறது என்று பாருங்கள். எதுவுமே விழவில்லை என்றால் ஒரு பொருள். மல்லாந்து விழுந்தவை மறுநாள் காலை எழுந்து பறந்தால் வேறு பொருள். முதல் வகையில் நரம்பிலேயே மாற்றம் இருக்கலாம். பைரித்ராய்டு பிடித்துக்கொள்ளும் சோடியம் வாயிலில், அதாவது நரம்புக்குள் சோடியத்தை விடும் புரதத்தில், 1014-ஆம் இடத்து அமினோ அமிலம் மாறியிருக்கும். வீட்டு ஈயிலும் கொம்பு ஈயிலும் அங்கே பினைல்அலனின், கொட்டில் ஈயில் ஹிஸ்டிடின் வந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். இரண்டாம் வகையில் ஈயின் நொதிகள் மருந்தை உடைத்து வெளியேற்றுகின்றன என்று சந்தேகிக்கலாம்.

பெயரை விடுங்கள், எண்ணைப் படியுங்கள்

டப்பா மாற்றினேன் என்பவர்களிடம் பழையதையும் புதியதையும் கொண்டுவரச் சொல்வேன். இரண்டின் செயல்பொருளும், அதாவது ஈயைக் கொல்லும் வேதிப்பொருளும், "த்ரின்" என்று முடியும்: பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின். நிறுவனம் வேறு, நிறம் வேறு, வேலை செய்யும் இடம் ஒன்று. ஃபென்வலரேட் பெயரில் "த்ரின்" இல்லாவிட்டாலும் அதுவும் அதே குடும்பம். பூச்சிக்கொல்லிகளைச் செயல்படும் விதத்தை வைத்து எண் கொடுத்துப் பிரித்திருக்கிறார்கள்; பல நாடுகளில் லேபிளிலேயே அச்சாகியிருக்கும். பைரித்ராய்டு 3ஏ. கார்பமேட் 1ஏ, ஆர்கனோபாஸ்பேட் 1பி. எழுத்து வேறானாலும் இந்த இரண்டும் தாக்குவது ஒரே நொதியை, ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதை மாற்றம் என்று எண்ண வேண்டாம். ஐவர்மெக்டின் வகை 6. வளர்ந்த ஈயைக் கொல்லாமல் புழுவின் வளர்ச்சியை மறிக்கும் டைஃப்ளூபென்சுரான் 15, சைரோமசின் 17.

இப்போது வயலுக்கு வாருங்கள். பக்கத்து வயலில் என்ன அடிக்கிறார்கள் என்று கேளுங்கள். இரத்தம் குடித்த ஈ வேலிச் செடியிலும் வரப்புப் புதரிலும்தான் ஓய்வெடுக்கிறது. பயிருக்கு அடித்த மருந்தின் சாரல் அங்கே படிகிறது. கொல்லப் போதாத அளவில், பருவம் முழுவதும். பயிருக்கும் 3ஏ, கொட்டிலுக்கும் 3ஏ என்றால் ஈக்கு இரண்டு பக்கமும் ஒரே பாடம். குறைந்த அளவு ஏன் கெடுதல் என்றால், எதிர்ப்பு மரபணுவைத் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒரு பிரதி மட்டும் பெற்ற ஈ முழு அளவில் பெரும்பாலும் செத்துவிடும், அரைகுறை அளவில் தப்பிவிடும். தப்பியவை தமக்குள் கூடினால் இரண்டு பிரதியும் உள்ள குஞ்சுகள் பிறக்கும். அதற்குப் பிறகு முழு அளவும் எடுபடாது.

பயிர்க்காரரோடு பேசி இரண்டு பக்கமும் வெவ்வேறு எண்ணாக வைத்துக்கொள்வது எந்தப் புது மருந்தையும்விட மேல். ஆனால் பயிர் மருந்தை மாட்டுக்கு அடிக்கும் குறுக்கு வழி மட்டும் வேண்டவே வேண்டாம். கால்நடைக்கு அல்லது கொட்டிலுக்கு என்று அனுமதி பெற்றவை மட்டுமே. பாலுக்கும் இறைச்சிக்கும் விட வேண்டிய இடைவெளி லேபிளில் இருக்கும்.

குப்பிச் சோதனை

ஆய்வகத்தில் தூய மருந்தை அசிட்டோனில் கரைத்துக் கண்ணாடிக் குப்பியில் பூசிச் செய்கிறார்கள். பண்ணையில் அவ்வளவு துல்லியம் வராது. ஆனால் இரண்டு மருந்துகளை ஒரே ஈக்கூட்டத்தின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும். முடிவெடுக்க அதுவே போதும்.

ஒரே மாதிரியான மூன்று கண்ணாடிக் குப்பிகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் நீங்கள் இப்போது பயன்படுத்தும் மருந்து, இன்னொன்றில் வேறு எண் கொண்ட மருந்து, மூன்றாவதில் வெறும் தண்ணீர். மருந்து லேபிள் அளவில் கலந்ததாக இருக்க வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு, கொஞ்சம் ஊற்றிக் குப்பியை உருட்டி உட்புறம் முழுதும் நனைத்து, மீதியை வடித்துவிடுங்கள். மூடியைத் திறந்தபடி படுக்க வைத்து, அவ்வப்போது உருட்டி, நிழலில் ஓர் இரவு உலர்த்துங்கள்.

மறுநாள் அதிகாலை, குளிரில் ஈ மந்தமாக இருக்கும்போது, சுவரிலிருந்து வலையால் பிடியுங்கள். கையால் அமுக்கிப் பிடித்தால் மருந்தில்லாமலே சாகும். குப்பிக்கு பதினைந்து இருபது ஈ விட்டு வாயை வலைத்துணியால் கட்டுங்கள். கால் மணி, அரை மணி, ஒரு மணி நேரத்தில் கவிழ்ந்தவற்றை எண்ணிக் குறியுங்கள். குப்பியை மெல்லச் சுழற்றும்போது காலூன்றி நிற்க முடியாமல் உருள்வது கவிழ்ந்த ஈ. முதுகில் கிடந்தாலும் சுழற்றியதும் திரும்பி நின்றால் கவிழ்ந்ததில் சேர்க்காதீர்கள். ஒரு மணி நேரம் முடிந்ததும் எல்லாவற்றையும் சுத்தமான, தனித்தனிக் குப்பிகளுக்கு மாற்றி, சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சை வலைமேல் வைத்து, நிழலில் விடுங்கள். இருபத்து நான்கு மணி நேரம் கழித்து மறுபடி எண்ணுங்கள்.

தண்ணீர்க் குப்பியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் செத்திருந்தால் அந்தச் சோதனை செல்லாது. கொட்டில் ஈ பட்டினியும் சூடும் தாங்காது, ஆகவே இது அடிக்கடி நடக்கும்; மறுபடி செய்யுங்கள். தண்ணீர்க் குப்பி நன்றாக இருந்து, புது மருந்தில் எல்லாம் செத்து, பழைய மருந்தில் நாலைந்து துள்ளிக்கொண்டிருந்தால் பழையதைக் கீழே வைக்கும் நேரம் வந்துவிட்டது. இரண்டிலும் எல்லாமே செத்துவிட்டால் உங்கள் சிக்கல் தெளிப்பானிலோ எருக்குவியலிலோ இருக்கிறது.

மருந்தை எப்படிச் சுழற்றுவது

வாரம் ஒரு மருந்து என்று மாற்றுவதைச் சுழற்சி என்கிறார்கள். அது ஒரே தலைமுறை ஈக்கு எல்லா மருந்தையும் அறிமுகம் செய்வதாகும். ஒரு தலைமுறைக்கு ஓர் எண் என்று வைத்துக்கொள்ளுங்கள்: வெப்பமான காலத்தில் கொம்பு ஈக்கு இரண்டு வாரம் போலவும், கொட்டில் ஈக்கு மூன்று வாரம் போலவும் ஆகும். காது வில்லை என்றால் ஆண்டுக்கு ஓர் எண், பருவம் முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். காதில் விட்ட பழைய வில்லை மாதக்கணக்கில் சொற்ப மருந்தைக் கசிந்துகொண்டே இருக்கும்.

எண்ணிப் பார்த்து அடியுங்கள். கொம்பு ஈ மாட்டுக்கு 200, கொட்டில் ஈ காலுக்கு 5 என்பது பரவலாகப் பின்பற்றும் வரம்பு. அதற்குக் கீழே இருந்தால் விட்டுவிடலாம். மந்தையில் சில மாடுகள் மட்டுமே ஈயை மிகுதியாகச் சுமக்கும். அவற்றுக்கு மட்டும் மருந்து போட்டால் மற்றவற்றின் மேல் மருந்தைப் பார்க்காத ஈக்கள் மிஞ்சும். எதிர்ப்புள்ள ஈ அவற்றோடு கூடிக் கலப்பது நமக்கு நல்லது.

எரு அள்ளும் முள்கரண்டியை எடுங்கள்

இவ்வளவும் சொன்னாலும், கொட்டில் ஈயைப் பொறுத்தவரை மருந்து இரண்டாம் வரிசைதான். எந்த மரபணு மாற்றமும் காய்ந்த வைக்கோலில் புழுவை வளர்க்க உதவாது.

தீவனத் தொட்டியைச் சுற்றித் தோண்டிப் பாருங்கள். மேலே காய்ந்து கிடக்கும். விரல் ஆழத்தில் சிந்திய வைக்கோலும் மூத்திரமும் சாணமும் கலந்து வெதுவெதுப்பாகப் புளித்துக்கொண்டிருக்கும். அங்கேதான் வெளிர் மஞ்சள் புழுக்கள் நெளியும். ஓரமாக, கொஞ்சம் உலர்ந்த பகுதியில், செம்பழுப்புக் கூட்டுப்புழுக்கள் சிறு பீப்பாய்கள் போலக் குவிந்திருக்கும். கன்றுகளின் படுக்கை, ஊறுகாய்ப்புல் (காற்றுப் புகாமல் புளிக்க வைத்த தீவனம்) மூடிய தாளின் விளிம்பு, வேலியடி, வயலோரம் அழுகும் பயிர்க்கழிவு ஆகியவற்றையும் விடாதீர்கள். கோஸ்டா ரிக்காவில் அன்னாசிக் கழிவும், பிரேசிலில் சாராய ஆலைக் கழிவுநீர் பாய்ந்த கரும்புச் சோகையும் இந்த ஈயை மந்தைகளுக்கே பெரும் தொல்லையாக்கும் அளவுக்குப் பெருக்கியிருக்கின்றன.

வாரம் ஒரு முறை சுரண்டி அள்ளுங்கள். புழு ஈயாகும் முன் அதன் தலைமுறை அறுபடும். அள்ளியதை வெயிலில் மெல்லிய படலமாகப் பரப்பினால் காய்ந்து போகும். பரப்ப இடமில்லை என்றால் உயரக் குவித்துத் தாளால் இறுக மூடுங்கள். உள்ளே ஏறும் சூடு புழுவைக் கொல்லும். எருவின் மேல் பூச்சிக்கொல்லி அடிக்காதீர்கள். கூட்டுப்புழுவைத் துளைத்து முட்டையிடும் சிறு குளவிகள் அங்கேதான் இருக்கின்றன. கொட்டில் ஈயின் புழு செத்தாலும் சாகாவிட்டாலும் அந்தக் குளவிகள் நிச்சயம் சாகும்.

கூடவே ஒரு குறிப்பேடு: தேதி, செயல்பொருள், எண், அடித்த இடம், ஒரு மணி நேரத்தில் விழுந்தது, மறுநாள் காலில் எண்ணியது. கைவிட்ட மருந்தைச் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் எடுக்க நினைத்தால் முதலில் குப்பிச் சோதனை செய்யுங்கள். எதிர்ப்பு மரபணு குறைந்திருக்கலாம், ஆனால் முற்றிலும் போயிருக்காது. தொடர்ந்து அடித்தால் முன்பைவிடச் சீக்கிரம் திரும்பும். சோதித்த குப்பிகளை உடைத்துப் புதைக்காமல், அடுத்த சோதனைக்கென்று மருந்தின் பெயர் எழுதிப் பூட்டி வையுங்கள்; பால், தண்ணீர், தீவனம் எதற்கும் அவற்றை எடுக்கக் கூடாது.