துணி துவைத்த தண்ணீரை வடிகட்டிப் பார்ப்பது எப்படி?

துணியால் கடல் கெடுகிறது என்றால் நம் ஊரில் சாயப்பட்டறைதான் முதலில் நினைவுக்கு வரும். தப்பில்லை. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் இறங்கியது, பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளையே மூடச் சொல்லும் அளவுக்கு விஷயம் முற்றியது. நொய்யல் போய்ச் சேருவது காவிரியில். காவிரி எங்கே போகிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் பட்டறையைத் தாண்டி, கடையைத் தாண்டி, நம் பீரோவுக்கு வந்த பிறகும் துணி கழிவை விட்டுக்கொண்டேதான் இருக்கிறது. துவைக்கத் துவைக்க நுண்ணிய இழைகள் உதிரும். அவை சாக்கடை, கால்வாய், ஆறு வழியாகக் கடலுக்குப் போகும். இதை வீட்டிலேயே பிடித்துப் பார்க்கலாம். பழைய வெள்ளை வேட்டி, இரண்டு பக்கெட், கொஞ்சம் கயிறு, ஒரு கைலென்ஸ், செல்போன் டார்ச் இருந்தால் போதும்.

படி 1: எது பிளாஸ்டிக் துணி என்று கண்டுபிடியுங்கள்

சட்டை, லெக்கிங்ஸ், ஜெர்ஸி போன்றவற்றில் உள்பக்கத் தையலோரம் லேபிள் இருக்கும். பாலியஸ்டர், நைலான், அக்ரிலிக் என்று எதைப் போட்டிருந்தாலும் அது பிளாஸ்டிக்தான். தண்ணீர் பாட்டிலும் பாலியஸ்டர் சட்டையும் ஒரே மூலப்பொருள். டெரிகாட்டன் யூனிஃபார்ம் பருத்தியும் பிளாஸ்டிக்கும் கலந்தது.

புடவைக்கும் தைத்த துணிக்கும் பெரும்பாலும் லேபிள் இருக்காது. அதற்கு எரித்துப் பார்க்கும் சோதனை. ஓரத்திலிருந்து நாலைந்து நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, சிங்க்குக்கு மேலே வைத்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள்.

- பருத்தி: காகிதம் எரிகிற வாசனை, தொட்டால் உதிரும் சாம்பல்.
- பட்டு: முடி கருகும் நாற்றம், விரலில் நசுங்கும் கரித்துகள்.
- பாலியஸ்டர்: நெருப்பைக் கண்டதும் சுருங்கும், உருகும், ஆறியதும் நசுக்க முடியாத கறுப்பு மணியாக நிற்கும்.

உருகிய சொட்டு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். அப்புறம், பட்டு என்று நம்பி வாங்கிய புடவையைச் சோதிப்பதாக இருந்தால் மனதைக் கொஞ்சம் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

படி 2: வடிகட்டுங்கள்

வேட்டியை முதலில் நன்றாக அலசிவிடுங்கள், அதன் சொந்தப் பஞ்சு போகட்டும். பிறகு ஒரே அளவில் இரண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் நாலாக மடியுங்கள். ஒன்றைப் பக்கெட் வாயில் நடுவில் குழி விழும்படி தளர்வாகக் கட்டுங்கள்.

அடர் நிறப் பாலியஸ்டர் துணிகளை மட்டும் தனியாகப் போட்டுத் துவையுங்கள். கறுப்பு, கருநீலம், சிவப்பு என்றால் வெள்ளை வேட்டியில் எடுப்பாகத் தெரியும். செமி ஆட்டோமேட்டிக் மெஷின் இதற்கு வசதி. டிரெயின் குழாயை வேட்டிக்கு மேலே பிடித்து, திருகைத் திறந்து மூடி, கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். ஃபுல்லி ஆட்டோமேட்டிக்கில் பம்ப் வேகமாகத் தள்ளும், உதவிக்கு ஆள் வேண்டும். கையால் துவைப்பவர்கள் ஊறவைத்த தண்ணீரை மெதுவாக ஊற்றினால் போதும்.

துணியைக் குழாயின் வாயிலேயே இறுக்கிக் கட்டிவிடாதீர்கள். பஞ்சு அடைத்தால் தண்ணீர் வெளியேறாமல் மெஷினுக்குள்ளேயே நிற்கும், பம்ப் இருந்தால் அதற்கும் கேடு.

இரண்டாவது துண்டில் வெறும் குழாய்த் தண்ணீரை அதே அளவு வடிகட்டுங்கள். காற்றுத் தூசியிலும் குழாய்த் தண்ணீரிலும்கூட இழைகள் இருக்கும். ஒப்பிட்டுப் பார்த்தால்தான் துவைத்த தண்ணீரிலிருந்து வந்தது எவ்வளவு என்று புரியும்.

படி 3: பாருங்கள்

இரண்டையும் மூடிய டப்பாவில் நிழலில் உலரவிட்டு, டார்ச்சைச் சாய்வாக அடித்து லென்ஸில் பாருங்கள். முதலில் சாம்பல் நிறப் படலம் தெரியும். இன்னும் நெருங்கினால் அது தனித்தனி இழைகளாகப் பிரியும்: ஒன்று நீலம், பக்கத்தில் சுருண்ட சிவப்பு, வேட்டி நூலுக்குள் பாதி செருகி நிற்கும் கறுப்பு.

வேட்டியில் சிக்குவது பெரிய இழைகள் மட்டும்தான், மெலிந்தவை வழுவிப் போயிருக்கும். 2016-ல் பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வு, 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேல் இழைகள் வெளியேறலாம் என்று கணக்கிட்டது.

பருத்தி என்றால் பிரச்சினையே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், உலகக் கடல்களில் எடுத்த 916 நீர் மாதிரிகளில் சிக்கிய இழைகளில் செயற்கை இழை 8.2% மட்டுமே, மற்றவை பருத்தி போன்ற தாவர இழைகளும் கம்பளி போன்றவையும். பருத்தி மக்கும் என்கிறோம், ஆனால் கடலில் மிதந்த அந்த இழைகள் மக்காமல்தான் மாதிரிகளில் சிக்கின. சாயமும் ஏற்றி, சுருங்காமல் இருக்க ரசாயனமும் பூசிய பருத்தி எவ்வளவு சீக்கிரம் மக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆகவே பாலியஸ்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு அதே எண்ணிக்கையில் பருத்தி வாங்குவது தீர்வு என்று நான் சொல்ல மாட்டேன்.

படி 4: மெஷினில் மாற்ற வேண்டியவை

மென்மையாகத் துவைக்கும் ‘டெலிகேட்’ செட்டிங்கைத் தவிருங்கள். கேட்க விநோதமாக இருக்கும். ஆனால் 2019-ல் நியூகாஸில் பல்கலைக்கழகம் சோதித்தபோது, சாதாரண செட்டிங்கைவிட அதில்தான் சராசரியாக 8 லட்சம் இழைகள் கூடுதலாக வெளியேறின. காரணம் சுழலும் வேகம் அல்ல, துணிக்கு வேண்டியதைவிட அதிகமாகப் புரளும் தண்ணீர்.

எனவே மெஷின் நிறையச் சேர்ந்த பிறகு போடுங்கள். பச்சைத் தண்ணீர், குறைந்த நேரம். புதுத் துணி முதல் சில துவைப்பில்தான் அதிகம் உதிர்க்கும். அடிக்கடி புதுசு வாங்குகிற வீட்டில் வேட்டித் துண்டு சீக்கிரமே நிறைந்துவிடும். டாப் லோடைவிட ஃபிரன்ட் லோடில் உதிர்வு குறைவு என்று ஆய்வுகள் சொல்கின்றன, அதற்காக ஓடுகிற மெஷினை மாற்ற வேண்டியதில்லை.

படி 5: பஞ்சை எங்கே போடுவது?

வேட்டித் துண்டைக் குழாயடியில் அலசினால் இவ்வளவும் வீண், பிடித்தது அத்தனையும் மறுபடி சாக்கடைக்கே போகும். காய்ந்த பிறகு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டி, காகிதத்தில் மடித்து, உலர் குப்பையில் போடுங்கள். எரிக்க வேண்டாம். மெஷினுக்குள் இருக்கும் பஞ்சுப் பைக்கும் இதே முறைதான்: கழற்றி வெயிலில் காயவையுங்கள், உள்பக்கத்தை வெளியே திருப்புங்கள், விரலால் பிடித்து இழுத்தால் ஒரே படலமாக உரிந்து வரும்.