கூலன்டில் ஆயில் மிதக்கிறதா? பழைய ஆட்டோமேட்டிக் வண்டிக்கு ஒரு பரிசோதனை

பழைய ஆட்டோமேட்டிக் வண்டிகள் பலவற்றில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் கூலர், ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருக்கும். உள்ளே ஆயில், சுற்றிலும் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), நடுவில் மெல்லிய உலோகச் சுவர். அது அரித்துப் போனால் இரண்டும் கலந்துவிடும். எனவே வண்டி சூடேறுகிறது என்றாலோ கியர் வழுக்குகிறது என்றாலோ முதலில் இதைப் பாருங்கள்.

1. இன்ஜின் முழுக்க ஆறட்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும்.

2. மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். கூலன்ட் தெளிவாக இருக்க வேண்டும். மேலே எண்ணெய்ப் படலமோ இளஞ்சிவப்புக் குழம்போ தெரிந்தால் சந்தேகம் வலுக்கிறது.

3. கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உருவி வெள்ளைத் துணியில் துடையுங்கள். நல்ல ஆயில் தெளிந்த சிவப்பு, பழையது பழுப்பு. ரோஸ்மில்க் மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. இன்ஜின் ஓடும்போது பெரும்பாலும் ஆயில் கூலன்டுக்குள் போகும். நிறுத்தியதும் ஆயில் அழுத்தம் இறங்கிவிடும், சூடான கூலன்டின் அழுத்தம் இறங்காது, அதனால் எதிர்த்திசையில் கசியும். ஒரு பக்கம் சுத்தமாக இருக்கிறதே என்று நிம்மதி அடையாதீர்கள்.

4. உறுதிப்படுத்த, கூலரின் இரண்டு ஆயில் குழாய்களையும் ரேடியேட்டரிலிருந்து கழற்றுங்கள். கொஞ்சம் ஆயில் ஒழுகும், கீழே ஒரு தட்டு வையுங்கள். பிறகு கை பம்ப்பால் ரேடியேட்டருக்கு அழுத்தம் கொடுங்கள். மூடியில் எழுதியிருக்கும் அளவைத் தாண்ட வேண்டாம். ஆயில் துளை வழியே கூலன்ட் வந்தால் கூலர் ஓட்டைதான்.

கலந்துவிட்டது தெரிந்தால் இன்ஜினை மறுபடி இயக்காதீர்கள், பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போங்கள். கூலன்ட் என்பது கிளைகால் (glycol) என்ற ரசாயனம் கலந்த நீர்; அது கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தகடுகளின் உராய்வுப் பூச்சைப் பிடித்திருக்கும் பசையையே கெடுக்கும். சீக்கிரம் பிடித்தால் ரேடியேட்டரை மாற்றி, கியர்பாக்ஸ், குழாய்கள், கூலிங் பாதை எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப அலசிப் புது ஆயில் ஊற்றிக் காப்பாற்றலாம். நாட்கணக்கில் ஓட்டியிருந்தால் அலசலை மட்டும் நான் நம்பமாட்டேன்.

கலக்கவில்லை, ஆனாலும் சூடேறுகிறதா? நல்ல சேதி. கூலன்ட் அளவு, மின்விசிறி, தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு), தூசி அடைத்த ரேடியேட்டர் தகடுகள் என்று வரிசையாகப் பாருங்கள். அப்புறம் அந்த மூடி: அதன் ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது, கூலன்ட் சீக்கிரமே கொதிக்கும்.