கார் பிரேக் பேட் ஒரு பக்கம் மட்டும் தேயுதா? புதுசு வாங்குறதுக்கு முன்னாடி பழசை நல்லா பாருங்க

என்னோடது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரு. பின்னாடி இடது வீலை கழட்டி வெர்னியர் வச்சு அளந்தா உள்பக்க பேட் 3 மில்லி, வெளிப்பக்கம் 8 மில்லி. ரெண்டும் ஒரே நாள்ல போட்டது தான், போட்டுக்குடுத்த கடையில ஸ்லைடு பின்னை (காலிப்பர் வழுக்கி நகர்ற கம்பி) தொட்டுக்கூட பார்க்கல போல, பேட்டை மட்டும் மாத்தி அனுப்பிட்டாங்க.

முதல்ல கழட்டின பேட்ல எது எந்த வீலு, உள்ளயா வெளியவான்னு மார்க்கர்ல எழுதி வைங்க. கலந்துபோச்சுன்னா துப்பு போச்சு. ஜாக்கை மட்டும் நம்பி கைய உள்ள விடாதீங்க, ஸ்டாண்ட் போடுங்க.

இந்த வண்டியில நாலு வீல்லயும் ஒத்தை பிஸ்டன் ஸ்லைடிங் காலிப்பர், அதாவது பேடை டிஸ்க் மேல அழுத்துற கவ்வி. பிஸ்டன் உள்பக்க பேடை தான் தள்ளும், அப்புறம் காலிப்பர் ஸ்லைடு பின் மேல நகர்ந்து வெளிப்பக்க பேடை இழுத்து அழுத்தும். பின் இறுகிடுச்சுன்னா உள்பக்கமே எல்லா வேலையும் பார்க்கும், சீக்கிரம் கரையும். பின்னை விரலால தள்ளினா வழுக்கிட்டு போகணும், சுத்தியல் தேவைப்பட்டா அங்கயே பதில் கிடைச்சாச்சு. எனக்கு வெளிய எடுத்தப்ப கிரீஸ் காஞ்சு பழுப்பா பசை மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. துடைச்சுட்டு பிரேக்குக்குன்னே வர்ற சிலிக்கான் கிரீஸ் போடுங்க, வீல் பேரிங் கிரீஸ் போட்டா ரப்பர் ஊதிடும்.

பின் நல்லா இருந்தும் உள்பக்கம் தேயுதுன்னா பிஸ்டன் திரும்ப உள்ள போகல, இல்ல ஹேண்ட்பிரேக் கேபிள் டைட்டா இருக்கு. லீவரை முழுசா இறக்கிட்டு காலிப்பர்ல இருக்கிற சின்ன கை அதோட ஸ்டாப்ல போய் உட்காருதான்னு பாருங்க.

பேட் ஆப்பு மாதிரி சரிவா தேஞ்சிருந்தா, பிராக்கெட்ல பேட் உட்கார்ற இடத்துல துரு ஏறியிருக்கும், குளிர்காலத்துல ரோட்டுல உப்பு கொட்டுற ஊர்ல இது ரொம்ப சகஜம். ஒயர் பிரஷ் போட்டு தேய்ங்க. லேசான சரிவுக்கெல்லாம் பதறவேணாம்.

இடது வலது ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம்னா கொஞ்சம் குழப்பம், ஏன்னா தேஞ்ச பக்கம் பிடிச்சுக்கிட்டு இருக்கலாம், இல்ல தேயாத பக்கம் வேலையே செய்யாம இருக்கலாம். ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து டெம்பரேச்சர் கன்ல ரெண்டு டிஸ்க்கையும் பாருங்க. ரொம்ப சூடான வீலை தூக்கி, ஒருத்தர் பிரேக் மிதிச்சு விட்டதும் கையால சுத்துங்க. இறுக்கமா இருந்தா பிளீட் நிப்பிளை (காலிப்பர்ல பிரேக் ஆயில் வெளியேத்துற திருகு) லேசா திறங்க, ஆயில் பீச்சிட்டு வீல் விட்டுக்கொடுத்தா பிரேக் ஹோஸ் உள்ள அடைச்சிருக்க வாய்ப்பு அதிகம், அப்பவும் விடலன்னா பிஸ்டனோ பின்னோ தான். ஆயில் பெயின்ட் மேல பட்டா உடனே தண்ணி ஊத்தி கழுவிடுங்க.

இன்னொரு விஷயம், பின்பக்க பிஸ்டனை கிளாம்ப் போட்டு அமுக்காதீங்க. உள்ள ஹேண்ட்பிரேக் அட்ஜஸ்டர் இருக்கு. காலிப்பர் பின்னால ஒரு 14 சைஸ் போல்ட்டை கழட்டினா உள்ள 4 மில்லி ஆலன் கீ போகும், இடப்பக்கம் திருப்பினா பிஸ்டன் உள்ள போகும். புது பேட் போட்டப்புறம் வலப்பக்கம் திருப்பி வீல் நின்னதும் மூணுல ஒரு பங்கு சுத்து பின்னால விடுங்க. முடிச்சதும் பெடலை நாலஞ்சு தடவை மிதிச்சு கெட்டியானப்புறம் தான் வண்டியை நகர்த்தணும், நான் ஒரு தடவை மறந்துட்டு ஷெட் கதவை இடிச்சிருக்கேன்.