ஐந்தாவது தடவைதான் காதில் விழும்

"எத்தனை தடவை சொல்றது?" பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வி விழாத நாள் அபூர்வம். கேட்பது நாம், பதில் சரியாகத் தெரிந்திருப்பது பிள்ளைக்கு. ஐந்து தடவை!

"ஷூவைப் போடு" என்று அடுத்த அறையிலிருந்தே நான்கு தடவை சொல்கிறோம். அவன் தரையில் உட்கார்ந்து ஷூ கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருக்கிறான். ஐந்தாவது தடவை குரல் ஏறுகிறது, காலடிச் சத்தம் நெருங்குகிறது. அப்போதுதான் கால் ஷூவுக்குள் போகிறது. அவன் செவிடும் இல்லை, திமிர் பிடித்தவனும் இல்லை. முதல் நான்கும் சும்மா, ஐந்தாவதுதான் நிஜம் என்பதை நம்மிடமே கற்றுக்கொண்டிருக்கிறான்.

அதனால் பெரிய தவறு, தூரத்திலிருந்து சொல்வது. விளையாட்டில் மூழ்கிய சின்னப் பிள்ளைக்குப் பின்னணியில் வரும் குரல் ஃபேன் சத்தம் மாதிரிதான். பக்கத்தில் போய், பெயரைச் சொல்லி, அவன் நிமிர்ந்து பார்த்த பிறகு ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். "பையை எடு, தண்ணி பாட்டிலை வை, அப்புறம் தலையைச் சீவு" என்று அடுக்கினால் மூன்று வயதுப் பிள்ளைக்குக் கடைசி வேலைதான் மிஞ்சும். அதுவும் பாதி. சொன்ன பிறகு பத்து விநாடி வாயை மூடிக்கொண்டு அங்கேயே நில்லுங்கள். நம்மில் பலருக்கு இதுதான் கஷ்டம்.

"ஓடாதே" என்பதைவிட "மெதுவா நட" மேல். எதைச் செய்யக்கூடாது என்று கேட்ட பிறகு, அதற்குப் பதில் என்ன செய்வது என்று பிள்ளையே யோசிக்க வேண்டியிருக்கிறது. சின்ன வயதில் அந்த இரண்டாவது படி சட்டென்று வராது.

அடுத்தது வெற்று மிரட்டல். "மூணு எண்றதுக்குள்ள வரணும். ஒண்ணு... ரெண்டு... ரெண்டே கால்... ரெண்டரை..." நானும் இப்படிப் பின்னம் சொல்லிக்கொடுத்தவன்தான். மூன்று வந்தால் என்ன செய்வது என்று எனக்கே தெரியாததால் வந்த பின்னம் அது. "இனிமே டிவியே கிடையாது" என்பதும் இதே ரகம். மாலைக்குள் டிவி ஓடும். "இன்னைக்குக் கார்ட்டூன் இல்லை" என்று சின்னதாகச் சொல்லி அதில் நின்றாலே போதும்.

"அவளைப் பார், எவ்வளவு சமத்து" என்ற ஒப்பீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அதைக் கேட்ட பிள்ளை நல்ல பழக்கத்தைப் பிடித்துக்கொள்வதில்லை, அந்த 'அவளை'த்தான் வெறுக்கும்.

பாராட்டிலும் வாய்ப்பழக்கம் உண்டு. எதற்கெடுத்தாலும் "நீ புத்திசாலிடா". 1998-இல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரை 'புத்திசாலி' என்றும், சிலரை 'நன்றாக உழைத்தாய்' என்றும் பாராட்டினார்கள். அடுத்து வந்த கடினமான புதிர்களில் எல்லோருமே தடுமாறினார்கள். அதன்பின் பழையபடி எளிய புதிர்கள் வந்தபோது, புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்களின் மதிப்பெண் முன்னைவிடக் குறைந்தது. உழைப்புக்காகப் பாராட்டு வாங்கியவர்களுக்குக் கூடியது. தோற்றால் பட்டம் போய்விடும் என்ற பயம் யாரையும் சோர்வாக்கும். "அந்த மூலையை நாலு தடவை அழிச்சு வரைஞ்சியே" என்று கண்ணால் பார்த்ததைச் சொன்னால், அடுத்த தடவையும் அவன் அழித்து வரைவான்.

தினமும் சொல்லியே தீர வேண்டியவையும் இருக்கின்றன: பல் தேய், கை கழுவு, விளக்கை அணை. இவற்றுக்கு வாயை வீணாக்காமல், காலை வேலைகளைப் படமாக வரைந்து பிள்ளையின் கண் மட்டத்தில் ஒட்டிவிடலாம். "அடுத்து என்ன?" என்று மட்டும் கேளுங்கள், படத்தைப் பார்த்து அவனே சொல்லட்டும். எங்கள் வீட்டில் ஒட்டிய படத்தில் டூத் பிரஷ் பாம்பு மாதிரி இருக்கிறது. "அடுத்து பாம்பு" என்று சொல்லிவிட்டுப் போகிறான். பல் தேய்த்துவிடுகிறான்.